பாதி பிறவி, பாதி படிப்பு

அக்டோபர் மாதம் கலிஃபோர்னியாவில் மகன் வீட்டுக்கோ மகள் வீட்டுக்கோ போய் இறங்கும் பெற்றோருக்குக் காலைப்பொழுது நீளமானது. பிள்ளைகள் வேலைக்கும் பேரக்குழந்தைகள் பள்ளிக்கும் போனபின், டீயும் கையுமாகக் கொல்லைப்புறத்தில் உட்கார்ந்தால், வேலியோரப் புதரடியில் ஏழெட்டுக் குருவிகள் சருகைக் கிளறிக்கொண்டிருக்கும். தலையில் கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டைக் கோடுகள். ஊர்ச் சிட்டுக்குருவியின் சாயல் கொஞ்சம் இருக்கும். ஆனால் அது இல்லை என்பதும் தெரியும். சான் ஹோசேயிலும் ஃப்ரீமான்ட்டிலும் இருப்பவர்கள் ‘இது என்ன குருவி?’ என்று கேட்டால், பெரும்பாலும் இதைத்தான் கேட்கிறார்கள். ஒரு டீயில் முடிகிற விஷயமில்லை. இன்னொரு டம்ளர் போட்டுக்கொண்டு வாருங்கள், நிதானமாகப் பேசலாம்.

ஆங்கிலத்தில் இதை ஒயிட் கிரௌன்ட் ஸ்பாரோ என்பார்கள். நாம் வெள்ளை உச்சிச் சிட்டு என்று வைத்துக்கொள்வோம். பெயரில் சிட்டு இருந்தாலும் நம் வீட்டுச் சிட்டுக்குருவிக்கு இது நேர் உறவில்லை. வீட்டுச் சிட்டு அமெரிக்காவுக்குப் பிற்காலத்தில் போனது. 1850-களில் நியூயார்க்கின் புரூக்ளினில் கொண்டுபோய் விட்டார்கள், அங்கிருந்து நாடெங்கும் பரவிவிட்டது. வெள்ளை உச்சிச் சிட்டோ வட அமெரிக்க மண்ணுக்கே உரியது, குடும்பமும் வேறு. வீட்டுச் சிட்டு மனிதன் கட்டிய கூரையை விட்டு அதிகம் நகராது. இதில் பெரும்பாலானவை ஆண்டுக்கு இரண்டு முறை வலசை போகும்.

இதைப் பற்றிச் சொல்ல எனக்கு இருக்கும் ஆர்வத்துக்கு அழகு மட்டும் காரணமில்லை. ஒரு பறவைக்குத் தெரிந்தவற்றில் எது பிறவியிலேயே வந்தது, எது வாழ்ந்து கற்றது? இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு அறிவியலாளர்கள் பல பத்தாண்டுகளாகப் போய் நின்ற வாசல்களில் இந்தச் சிட்டும் ஒன்று. எங்கும் ஏராளமாகக் கிடைக்கும், கூண்டில் வைத்தாலும் விதை போட்டால் சாப்பிட்டுப் பிழைத்துக்கொள்ளும், ஆண்டுதோறும் அதே இடத்துக்குத் திரும்பி வரும். ஆராய்ச்சிக்கு இதைவிட என்ன வேண்டும்?

முதலில் ஆளைச் சரியாகப் பார்த்துவிடுவோம். அலகு நுனியிலிருந்து வால் நுனிவரை 15 முதல் 17 சென்டிமீட்டர். எடை 25 முதல் 28 கிராம். உச்சந்தலையில் நெற்றியிலிருந்து பிடரிவரை நடு வகிடு எடுத்தாற்போல் ஒரு வெள்ளைப் பட்டை. அதன் இரு பக்கமும் கரிக்கறுப்புப் பட்டை. அதற்கும் கீழே வெள்ளைப் புருவம். கண்ணிலிருந்து பிடரியை நோக்கி மெல்லிய கறுப்புக் கோடு ஒன்று. கன்னமும் மார்பும் புள்ளியோ கீற்றோ இல்லாத சாம்பல் நிறம். முதுகில் பழுப்புக் கீற்றுகள், சிறகின் குறுக்கே இரண்டு வெள்ளைக் கோடுகள், சற்று நீண்ட வால். ஆணும் பெண்ணும் பார்வைக்கு ஒன்றுதான். மிரண்டால் உச்சி இறகைத் தூக்கி நிறுத்தும். தட்டையாக இருந்த தலை அப்போது கூம்பிவிடும்.

கூட்டத்தில் கறுப்பு வெள்ளைக்குப் பதிலாகச் செம்பழுப்பும் மங்கிய சாம்பலுமாகத் தலை கொண்ட குருவிகளும் இருக்கும். வேறு இனம் என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். அவை அந்தக் கோடையில் பிறந்த குஞ்சுகள். வசந்தத்தில் ஊருக்குக் கிளம்புவதற்கு முன் தலையின் இறகு உதிர்ந்து முளைக்கும்போது பெரியவர்களின் பட்டை வந்துவிடும். அதுவரை தீனிக்கு முதலில் பெரியவர்கள்தான்; பழுப்புத் தலை ஒதுங்கி நிற்க வேண்டும். இளங்குருவிகள் சிலவற்றின் தலையில் கறுப்பும் வெள்ளையும் வண்ணம் பூசிவிட்டுப் பார்த்திருக்கிறார்கள். மற்ற இளசுகள் அவற்றுக்கு வழிவிட்டன. தலைப் பட்டைதான் அந்தக் கூட்டத்தில் மரியாதையின் அடையாளம் என்பது அப்படித் தெரிந்தது.

தீனி எடுக்கும் விதத்தை ஒரு பத்து நிமிடம் பாருங்கள். இரண்டு காலாலும் முன்னால் ஒரு சிறு தாவல், உடனே இரண்டு காலையும் ஒருசேரப் பின்னுக்கு இழுப்பு. சருகு பின்புறம் தெறிக்கும். வெளிப்பட்ட மண்ணில் குனிந்து ஒரு கொத்து. மறுபடி தாவல், இழுப்பு, கொத்து. கோழி ஒவ்வொரு காலாகச் சீய்க்கும். இது இரண்டையும் சேர்த்துச் சீய்க்கிறது. குளிர்காலத்தில் கிடைப்பதெல்லாம் புல் விதையும் களை விதையும். நாம் களை என்று பிடுங்கிப் போடுவதுதான் அதற்குச் சோறு. கோடையில் குஞ்சுகளுக்குப் புழுவும் பூச்சியும் ஊட்டும். திறந்த வெளியில் மேயும், ஆனால் ஒரே தாவலில் நுழைந்துகொள்ளப் புதர் ஒன்று பக்கத்தில் இருந்தாக வேண்டும். தரையும் புதரும் சேர்ந்த இடமே அதன் வாழிடம். வயல் ஓரம், சாலையோரம், பூங்கா, வீட்டுத் தோட்டம் எல்லாம் அந்தக் கணக்கில் வந்துவிடும்.

இந்த இனத்துக்குள் ஐந்து உள்ளினங்கள் உண்டு. அலாஸ்காவிலும் கனடாவின் மேற்கிலும் குஞ்சு பொரிப்பது கேம்பல் சிட்டு. சியரா நெவாடா, ராக்கி மலைகளின் உயரத்துப் புல்வெளிகளில் ஒன்று. கனடாவின் கிழக்கே ஒன்று. பசிபிக் கரையின் வடபகுதியில் ஒன்று. அது குறைந்த தூரமே வலசை போகிறது. கலிஃபோர்னியாவின் கடலோரப் புதர்க்காட்டில் இருப்பது நட்டால் சிட்டு. அது எங்குமே போவதில்லை. பிறந்த இடத்திலிருந்து கூப்பிடு தூரத்திலேயே வாழ்ந்து முடிந்துவிடும் ஒன்றும், பல ஆயிரம் கிலோமீட்டர் போய்வரும் ஒன்றும் ஒரே இனம். குளிர்காலத்தில் சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்தில் இரண்டையும் பார்க்கலாம். அலகு மஞ்சளாக இருந்தால் உள்ளூர் நட்டால், ஆரஞ்சாக இருந்தால் வடக்கேயிருந்து வந்த கேம்பல் என்று பொதுவாகச் சொல்லிவிடலாம். தூரம் பறப்பவனுக்குச் சிறகும் கொஞ்சம் நீளம்.

கேம்பலின் பயணத்தை எடுத்துக்கொள்வோம். அலாஸ்காவிலிருந்து தெற்குக் கலிஃபோர்னியாவுக்கு ஏறக்குறைய 4,200 கிலோமீட்டர். செப்டம்பர் கடைசியில் வந்து சேரத் தொடங்கும், ஏப்ரலில் கிளம்பும். பறப்பது இரவில். ஒரே இரவில் 480 கிலோமீட்டர் கடந்த சிட்டு ஒன்றைத் தடம் தொடர்ந்து கண்டிருக்கிறார்கள். பெண்கள் ஆண்களைவிடத் தெற்கே தள்ளிப்போய்க் குளிர்காலத்தைக் கழிக்கும். திரும்பும்போது ஆண்கள் முந்திப் போய் இடம் பிடிக்கும். சில ஆண்டுகளில் அங்கே பனி இன்னும் உருகியே இருக்காது. குட்டை வில்லோ புதரின் அடியிலோ தரையிலோ பெண் கூடு கட்டும். நீலப்பச்சையில் செம்பழுப்புப் புள்ளி தெளித்த நாலைந்து முட்டைகள். பெண் மட்டும் சுமார் 12 நாள் அடைகாக்கும். குஞ்சுகள் பத்து நாளுக்குள் கூட்டை விட்டு இறங்கிவிடும், சரியாகப் பறக்கக்கூடத் தெரியாமல். வடக்கில் கோடை குறுகியது, அந்த ஒரு ஈட்டுக்குத்தான் அவகாசம்.

‘கிளம்ப வேண்டிய நேரம்’ கலிஃபோர்னியாவில் விதை பொறுக்கிக்கொண்டிருக்கும் குருவிக்கு எப்படித் தெரிகிறது? வெயில் ஏறுவதாலா, தீனி குறைவதாலா? இரண்டுமே நம்பிக்கைக்குரியவை அல்ல. ஓர் ஆண்டு பிப்ரவரியிலேயே வெயில் கொளுத்தும், அதைப் பார்த்துக் கிளம்பினால் அலாஸ்காவின் பனியில் விறைத்துச் சாக வேண்டியதுதான். ஆண்டுக்கு ஆண்டு ஒரு நிமிடம்கூடப் பிசகாதது பகலின் நீளம் ஒன்றுதான். 1920-களில் கனடாவின் எட்மன்டனில் வில்லியம் ரோவன் என்பவர், இந்தச் சிட்டின் உறவினமான ஜங்கோ குருவிகளைக் கூண்டில் வைத்து, கடுங்குளிர்காலத்தில் மின்விளக்குப் போட்டுப் பகலை நீட்டிப் பார்த்தார். வெளியே பனி, உள்ளே குருவிகளின் உடம்பு வசந்தத்துக்குத் தயாராகிவிட்டது. பிறகு டொனால்ட் ஃபார்னரும் அவருடைய சகாக்களும் வாஷிங்டன் மாநிலத்தில் வெள்ளை உச்சிச் சிட்டை வைத்து இதைப் பல ஆண்டுகள் நுணுக்கமாக ஆராய்ந்தார்கள்.

அவர்கள் கண்டதில் என்னை மிகவும் வியக்கவைப்பது, இந்தப் பகல் நீளத்தை அளக்கக் குருவிக்குக் கண் தேவையில்லை என்பது. மூளையின் அடிப்பகுதியிலேயே ஒளியை உணரும் செல்கள் இருக்கின்றன. மெல்லிய மண்டையோட்டைத் தாண்டி உள்ளே கசியும் வெளிச்சம் அவற்றுக்குப் போதும். பார்வை இழந்த சிட்டுகளும் பகல் நீண்டபோது இனப்பெருக்கத்துக்குத் தயாராயின. நம் வீட்டுச் சிட்டுக்குருவியிலும் இதே ஏற்பாடு உண்டு. மைக்கேல் மெனக்கர் அதன் உச்சந்தலைத் தோலுக்கடியில் கறுப்பு மையைச் செலுத்தி வெளிச்சத்தை மறைத்துப் பார்த்து இதை உறுதிசெய்தார்.

பகல் ஓர் அளவைத் தாண்டி நீண்டதும் உடம்புக்குள் வேலை தொடங்கும். குளிர்காலத்தில் கடுகளவுக்குச் சுருங்கிக் கிடந்த ஆணின் விரை சில நூறு மடங்கு பெருக்கும். பறப்பதற்கு எடை ஆகாது என்பதால் தேவையில்லாத மாதங்களில் அதைச் சுருக்கி வைத்திருக்கிறது உடம்பு. பசியும் அடங்காது, தின்று தின்று கொழுப்பைச் சேர்க்கும். ஆய்வுக்காகக் காலில் வளையம் மாட்டப் பிடிப்பவர்கள் கழுத்துக்குழி இறகை ஊதி விலக்கிப் பார்ப்பார்கள். தோலுக்கடியில் மஞ்சள் கொழுப்பு நிறைந்திருந்தால் பயணம் நெருங்கிவிட்டது. கோடை முடிவில் பகல் இன்னும் நீளமாக இருக்கும்போதே விரை சுருங்கத் தொடங்கிவிடும். அதன்பின் எவ்வளவு விளக்குப் போட்டாலும் அசையாது. இலையுதிர்காலத்தின் குறுகிய பகல்களைச் சில வாரம் பார்த்தால்தான் பூட்டு திறக்கும். கூடு கட்டக்கூடாத பருவத்தில் கட்டாமல் இருப்பதற்கு உள்ளேயே இருக்கும் காவல் அது. இது முழுக்கப் பிறவிச் சொத்து, யாரும் கற்றுத்தருவதில்லை.

இரவெல்லாம் பறந்து பகலெல்லாம் மேய்ந்தால் தூங்குவது எப்போது? விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் கூண்டுச் சிட்டுகளின் மூளை மின்னோட்டத்தை அளந்து 2004-இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். வலசைப் பருவம் வந்ததும், போக இடமில்லாத கூண்டுக்குள்ளும் அவை இரவெல்லாம் சிறகடித்துத் தத்திக்கொண்டிருந்தன. தூக்கம் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. ஆனாலும் பகலில் பொத்தான்களை வரிசை பிசகாமல் கொத்தித் தீனி பெறும் பயிற்சியில் தடுமாறவில்லை. வேறு பருவத்தில் அதே குருவிகளின் தூக்கத்தைக் கெடுத்தபோது தடுமாறின. தூக்கமில்லாமல் தாக்குப்பிடிக்கும் அந்தத் திறன் வலசை மாதங்களுக்கு மட்டும் உடம்பு கொடுக்கும் சலுகை. இதன் சூட்சுமம் பிடிபட்டால் தூக்கம் கெட்டுத் தவிக்கும் மனிதர்களுக்கும் உதவும் என்ற எதிர்பார்ப்பில்தான் அந்த ஆய்வு பலரைக் கவர்ந்தது.

இனி வழி. எப்போது கிளம்ப வேண்டும் என்று உடம்பு சொல்லிவிடும். எந்தப் பக்கம் போக வேண்டும் என்று யார் சொல்வது? 1960-களின் தொடக்கத்தில் சான் ஹோசேயைச் சேர்ந்த ரிச்சர்ட் மெவால்ட், அங்கே குளிர்காலத்துக்கு வந்திருந்த சிட்டுகளை நூற்றுக்கணக்கில் பிடித்து, விமானத்தில் லூயிசியானாவின் பேட்டன் ரூஜுக்கு அனுப்பி விடுவித்தார். அடுத்த ஆண்டு மேரிலாந்துக்கு அனுப்பினார். அடுத்தடுத்த குளிர்காலங்களில் அவற்றில் சில சான் ஹோசேயில் அதே இடத்தில் மறுபடி பிடிபட்டன. முன்பின் பார்த்திராத ஊரில் இறக்கிவிட்டும், பழைய புதரைத் தேடி வந்திருக்கின்றன.

2007-இல் வெளியான இன்னோர் ஆய்வு இதைவிடத் தெளிவானது. வாஷிங்டன் மாநிலத்தில், தெற்கே போகும் வழியில் பிடித்த 30 சிட்டுகளை 3,700 கிலோமீட்டர் கிழக்கே, நியூ ஜெர்சியின் பிரின்ஸ்டனுக்குக் கொண்டுபோனார்கள். பாதி பெரியவை, பாதி அந்த ஆண்டுக் குஞ்சுகள். முதுகில் சின்ன ரேடியோ கருவி ஒட்டி விடுவித்து, சிறு விமானத்தில் பின்தொடர்ந்தார்கள். குஞ்சுகள் தெற்கே பறந்தன. வாஷிங்டனில் இருந்திருந்தால் அது சரியான திசை, நியூ ஜெர்சியிலிருந்து அப்படியே போனால் கலிஃபோர்னியா வராது. பெரியவை தென்மேற்காகத் திரும்பின. தாங்கள் கிழக்கே வெகுதூரம் தள்ளி வந்துவிட்டதை அவை உணர்ந்திருக்கின்றன. குஞ்சு ‘தெற்கே போ’ என்ற திசையோடு பிறக்கிறது. அந்தத் திசையில் ஒரு முறை போய்வந்தபின்தான், கண்டம் முழுவதற்குமான வரைபடம் அதன் தலைக்குள் உருவாகிறது.

தாமாகவே திசை தவறியவையும் உண்டு. 2008 ஜனவரியில் ஒரு வெள்ளை உச்சிச் சிட்டு அட்லான்டிக்கைத் தாண்டி இங்கிலாந்தின் நார்ஃபோக்கில், கிளே என்ற சிற்றூரில் வந்து நின்றது. பார்க்க ஆயிரக்கணக்கானோர் குவிந்தார்கள், அவ்வூர்த் தேவாலயத் திருப்பணிக்கு நன்கொடையும் போட்டார்கள். அந்தத் தேவாலயத்தின் வண்ணக் கண்ணாடிச் சாளரம் ஒன்றில் இன்று அந்தக் குருவியின் உருவம் இருக்கிறது.

பாட்டுக்கு வருவோம், இந்தச் சிட்டு பெரும்பெயர் பெற்றது அதில்தான். பாட்டு இரண்டு வினாடி. முதலில் தெளிவான ஒரு சீழ்க்கை, பிறகு கரகரப்பும் அதிர்வுமாக ஒரு முடிப்பு. தொடக்கம் எங்கும் ஏறக்குறைய ஒன்றுதான். முடிப்பு ஊருக்கு ஊர் மாறும். பீட்டர் மார்லரும் மிவாகோ தமுராவும் 1960-களின் முதல் பாதியில் சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்தில் மூன்று இடங்களில் பதிவுசெய்து, சிட்டுகளுக்கு வட்டார வழக்கு இருப்பதைத் திட்டமாகக் காட்டினார்கள். ஓரிடத்துக் குஞ்சை எடுத்து வேறிடத்துப் பாட்டின் ஒலிப்பதிவைக் கேட்கவைத்து வளர்த்தால், அது கேட்ட பாட்டைத்தான் பாடும், பெற்றோரின் பாட்டை அல்ல. யாருடைய பாட்டும் கேட்காமல் தனியே வளர்ந்த குஞ்சு ஏதோ பாடும், ஆனால் அது எந்த ஊர்ப் பாட்டாகவும் இருக்காது. பிறந்த பத்தாம் நாளிலிருந்து ஐம்பதாம் நாள்வரை காதில் விழுவதுதான் ஒலிப்பதிவிலிருந்து நன்றாகப் பதிகிறது. அப்போது குஞ்சு பாடுவதே இல்லை. பல மாதம் கழித்து, நினைவில் இருப்பதை வைத்துக்கொண்டு, தன் குரலைத் தானே கேட்டுத் திருத்தித் திருத்திப் பாடிப் பழகுகிறது. பழகுவதற்கு முன் செவி போய்விட்டால் பாட்டு உருப்படாது, பழகி முடித்தபின் போனால் பாட்டு நிலைத்துவிடும் என்று மசகாசு கொனிஷி காட்டினார்.

இங்கேதான் நம் ஊர்ப் பறவை ஒன்று கதைக்குள் வருகிறது. ஐம்பது நாளோடு கதவு மூடிவிடும் என்று சொல்லிக்கொண்டிருந்தபோது, லூயிஸ் பப்டிஸ்டாவும் லூயிஸ் பெட்ரினோவிச்சும் ஒலிநாடாவுக்குப் பதிலாக உயிருள்ள பறவையை ஆசிரியராக வைத்துப் பார்த்தார்கள். ஐம்பது நாளுக்குப் பிறகும் குஞ்சுகள் கற்றன. அடுத்த கூண்டில் இருந்த வேற்றினப் பறவையின் பாட்டையும் சில கற்றுக்கொண்டன. அந்த ஆசிரியர், நம் புல்வெளிகளிலும் நாணல் ஓரங்களிலும் திரியும் சிவப்புச் சில்லை. தன் இனத்தின் பாட்டை நாடும் விருப்பம் குஞ்சுக்குப் பிறவியிலேயே இருக்கிறது. ஆனால் முகம் பார்த்துப் பழகும் துணை அதையும் மீறக்கூடியது. பிறவிக்கும் படிப்புக்கும் நடுவே கோடு கிழிக்க நினைப்பவர்கள் இந்த ஆய்வைப் படிக்க வேண்டும் என்பது என் கருத்து.

நகரத்து இரைச்சலுக்கு ஏற்பவும் பாட்டு மாறுகிறது. சான் பிரான்சிஸ்கோவில் வாகன ஓசை அடித்தொனியை விழுங்கிவிடுவதால், பல பத்தாண்டுகளில் அங்கத்திய சிட்டுகளின் பாட்டு மேல்தொனிக்கு ஏறியிருந்தது. 2020 வசந்தத்தில் ஊரடங்கு வந்து சாலைகள் வெறிச்சோடின. எலிசபெத் டெரிபெரியின் குழு அப்போது பதிவுசெய்து பார்த்தது. நகரத்தின் ஓசை 1950-களின் நடுப்பகுதி அளவுக்கு இறங்கியிருந்தது. சிட்டுகள் குரலைத் தணித்து, அடித்தொனிவரை இறங்கி நன்றாகப் பாடின. மெதுவாகப் பாடியும் பாட்டு முன்னைவிட இரு மடங்கு தூரம் கேட்டது. இத்தனை ஆண்டு அவை எவ்வளவு கத்த வேண்டியிருந்தது என்பதை நினைத்தால் எனக்கு மனம் கனக்கிறது.

வெள்ளை உச்சிச் சிட்டு இன்னும் அரிதாகிவிடவில்லை. ஆனால் 1970-க்குப் பிறகு வட அமெரிக்கா ஏறக்குறைய 300 கோடிப் பறவைகளை இழந்திருப்பதாக 2019-இல் கணக்கிட்டார்கள். பறவைக் குடும்பங்களிலேயே பெரிய இழப்பு இந்தச் சிட்டின் குடும்பத்துக்கு. 80 கோடிக்கும் மேல். அங்கே வீடு வைத்திருக்கும் தமிழர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். வேலியோரத்துச் சருகையும் விதை பிடித்த களையையும் குளிர்காலம் முடியும்வரை விட்டுவையுங்கள், களைக்கொல்லி தெளிக்காதீர்கள். பூனை வளர்த்தால் வீட்டுக்குள்ளேயே வையுங்கள். கூட்டமாக வரும் செப்டம்பர், அக்டோபரிலும், திரும்பிப் போகும் ஏப்ரல், மே மாதங்களிலும் இரவில் பறக்கும் அவை வெளிச்சத்தில் தடுமாறாமலிருக்க, படுக்கப்போகும் முன் வெளிவிளக்குகளை அணைத்துவிடுங்கள்.